எம்ஆர்வி ரிப்போர்ட்டில் "இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஹைப்போபிளாஸ்டிக்" என்று இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

கொள்ளிடக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்குப் பிரசவம் ஆகி ஒரு மாதம் ஆகப்போகிறது, சுகப்பிரசவம்தான். போன வாரம் தலைவலி தாங்க முடியவில்லை, வாந்தியும் வந்தது. டாக்டரிடம் போனதும் பிரசவம் ஆன விவரத்தைக் கேட்டார், உடனே எம்ஆர்ஐ, தமனிகளைக் காட்டும் எம்ஆர்ஏ, சிரைகளைக் காட்டும் எம்ஆர்வி மூன்றும் எடுக்கச் சொல்லிவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு "ரத்தக்கட்டு எதுவும் இல்லை, மைக்ரேன்தான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலைவலியும் இப்போது குறைந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் தூக்கம் இல்லை. மூன்று விஷயம் எழுதியிருக்கிறார்கள்: வலது பக்கம் ஃபீட்டல் பிசிஏ, வலது வெர்ட்டிப்ரல் ஆர்ட்டரி ஹைப்போபிளாஸ்டிக், இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஹைப்போபிளாஸ்டிக். இணையத்தில் தேடினால் ஹைப்போபிளாஸ்டிக் என்றால் வளர்ச்சி குறைவு என்று வருகிறது. மூளைக்கு ரத்தம் போகும் இடத்திலும் வளர்ச்சி இல்லை, திரும்பி வரும் இடத்திலும் வளர்ச்சி இல்லை என்றால் என்ன அர்த்தம்? நாளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், நான் படித்துப் புரிந்துகொள்வேன்.

சும்மா_ஒரு_டவுட்டு எழுதியது:

எனக்கும் இதே டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் சமாச்சாரம் ரிப்போர்ட்டில் இருக்கிறது சார். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். டாக்டர்கள் யாராவது வரும்வரை பொறுங்கள்.

ராத்திரி_ரேடியாலஜி எழுதியது:

ரிப்போர்ட் எழுதுகிற வேலையில் இருப்பவன் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் படுவதை எல்லாம் நாங்கள் எழுதியாக வேண்டும், எழுதாமல் விட்டால் பிறகு யாராவது கேட்பார்கள். அதனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது என்பதற்காக அது நோய் ஆகிவிடாது. உங்கள் மனைவி ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்றும் பிறவி அமைப்பு வேறுபாடுகள். அவற்றோடு பிறந்து, அவை இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம்.

விளக்கமாகக் கேட்டீர்கள், அதனால் ரத்தம் மூளைக்கு உள்ளே போகிற வழியை மட்டும் நான் சொல்கிறேன், வெளியே வருகிற வழியை நரம்பியல்காரர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

மூளையின் எடை 1,300 முதல் 1,400 கிராம், உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 750 மில்லி, அங்கேதான் போகிறது. உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் மூளைக்குக் கிடையாது. ஓட்டம் முழுவதும் நின்றால் பத்து நொடிக்குள் நினைவு போய்விடும்.

இவ்வளவு ரத்தமும் நான்கு தமனிகள் வழியாக மேலே ஏறுகிறது. முன்பக்கம் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் இரண்டு வெர்ட்டிப்ரல். குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிக்கிறதே, அது காமன் கரோட்டிட். தைராய்டு குருத்தெலும்பின் மேல் விளிம்பு மட்டத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரியும். வெளிக்கிளை முகத்துக்கும் மண்டைத் தோலுக்கும் போகிறது. இன்டர்னல் கரோட்டிட் கழுத்தில் ஒரு கிளைகூட விடாமல் நேரே மண்டை ஓட்டுக்குள் நுழைகிறது. கொழுப்பு படிவது பெரும்பாலும் இந்தப் பிரியும் இடத்தில்தான், கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதைப் பார்க்கத்தான். உள்ளே போனதும் எலும்புக் கால்வாய் வழியாக வந்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக் கால்வாய்க்குள் வளைந்து நெளிந்து மேலே ஏறி, முதல் பெரிய கிளையைக் கண்ணுக்குக் கொடுக்கிறது. இதனால்தான் ஒரு கண் மட்டும் சில நிமிடங்கள் இருண்டு பிறகு தானாகத் தெளிந்தால், கண் டாக்டரோடு நிறுத்தாமல் கழுத்துத் தமனியையும் பார்க்கச் சொல்கிறோம். அதன் பிறகு அது ஏசிஏ, எம்சிஏ என்ற இரண்டு தமனிகளாகப் பிரிந்துவிடும். ஏசிஏ, மூளையின் இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவில் இருக்கும் உள்பக்கத்துக்கு, எம்சிஏ பக்கவாட்டு வெளிப்பரப்புக்கு.

வெர்ட்டிப்ரல் கை ரத்தக்குழாயான சப்க்ளேவியனிலிருந்து கிளம்பி, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளில் ஆறாவதில் நுழைந்து ஒவ்வொன்றாக ஏறி முதல் எலும்புவரை வருகிறது. பின்மண்டையின் பெரிய துவாரம் வழியாக உள்ளே போய் இரண்டும் சேர்ந்து பேசிலார் என்ற ஒரே தமனியாகிறது. அது மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் கிளைகள் கொடுத்துவிட்டு, உச்சியில் இரண்டு பிசிஏ ஆகப் பிரிந்து, பார்வையைக் கவனிக்கும் பின்மூளைக்குப் போகிறது.

முன்பக்க ஓட்டத்தையும் பின்பக்க ஓட்டத்தையும், வலதையும் இடதையும் சின்னச் சின்னத் தமனிகள் இணைக்கின்றன. அதுதான் சர்க்கிள் ஆஃப் வில்லிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தாமஸ் வில்லிஸ் 1664இல் போட்ட புத்தகத்தில் அது தெளிவாக இருக்கிறது. படங்களில் பல கிறிஸ்டோபர் ரென் வரைந்தவை, லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டினாரே அதே ரென்தான்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். கருவில் இருக்கும்போது பிசிஏ தமனிக்குக் கரோட்டிட்டிலிருந்துதான் ரத்தம் வரும். வளர வளர அது பேசிலார் பக்கம் மாறும். பத்துப் பேரில் ஒருவருக்காவது ஒரு பக்கம் மாறாமல் அப்படியே நின்றுவிடும், அதுதான் ஃபீட்டல் பிசிஏ. வெர்ட்டிப்ரல் இரண்டும் ஒரே அளவில் இருப்பதே அபூர்வம், பெரும்பாலும் இடது பெரியதாக இருக்கும். இரண்டும் மேலே போய் ஒன்றாகத்தானே சேர்கின்றன, ஒன்று மெலிந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும்.

கொள்ளிடக்கரையான் எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி அந்த சைனஸ் வரியில் இருக்கிறது. சைனஸ் என்றால் மூக்கடைப்பு என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன்_எதற்கு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எல்லாத் தமனியும் வட்டமாக ஒன்றோடொன்று இணைந்திருக்கிறது என்றால், ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கத்திலிருந்து ரத்தம் வந்துவிட வேண்டுமே, அப்புறம் பக்கவாதம் எப்படி வருகிறது? எங்கள் பெரியப்பாவுக்கு வலது கையும் காலும் சுத்தமாகப் போய்விட்டது, சிடியில் பார்த்தால் சின்னப் பொட்டு மாதிரி ஒரு புள்ளிதான், அதற்கா இவ்வளவு என்று குடும்பமே கேட்டது.

டூட்டிரூம்_டீ எழுதியது:

நரம்பியல் பக்கம் நான் வருகிறேன். சைனஸ் விஷயம்தான் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், நல்ல கேள்வி.

புத்தகத்தில் வரைந்திருப்பது போல முழு வட்டம் பாதிப் பேருக்குக்கூடக் கிடையாது. ஏதாவது ஒரு இணைப்பு மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்படியே முழுதாக இருந்தாலும் அது உதவுவது வட்டத்துக்குக் கீழே அடைத்தால்தான், அதுவும் மெதுவாக அடைத்தால்தான். கழுத்தில் ஒரு பக்கக் கரோட்டிட் முழுவதும் மூடிப்போய், எந்தத் தொந்தரவும் இல்லாமல் பஸ் ஏறித் தனியாகவே ஓபிக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மூடியதால் மறுபக்கம் தயாராகிவிட்டது. அதுவே இதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி பறந்து போய் வட்டத்தைத் தாண்டி எம்சிஏயில் செருகிக்கொண்டால் வட்டம் என்ன செய்ய முடியும்? மூளையின் மேற்பரப்பில் இருக்கும் சின்ன இணைப்புகள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம்தான் வைத்தியத்துக்கான நேரம். பெரிய தமனி அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதலில் 3 மணி நேரம், 2008க்குப் பிறகு நாலரை மணி நேரம். தொடை வழியாக வயர் விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பது 2015 முதல் நிலைபெற்ற வைத்தியம், ஸ்கேனில் காப்பாற்றும்படி மூளை மிச்சம் இருந்தால் 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறார்கள்.

உங்கள் பெரியப்பாவின் புள்ளிக்கு வருகிறேன். எம்சிஏ கிளம்பும் இடத்திலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் செங்குத்தாக மேலே ஏறி மூளையின் ஆழத்துக்குப் போகின்றன, லெண்டிகுலோஸ்ட்ரையேட் என்று பெயர். அவற்றுக்கு மாற்று வழி கிடையாது. அவை ரத்தம் கொடுக்கும் இடத்தில்தான் இன்டர்னல் கேப்ஸ்யூல் இருக்கிறது, முகம், கை, கால் என்று பாதி உடம்பின் நரம்பிழைகள் மொத்தமும் விரல் அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு இறங்குகிற இடம். அங்கே ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி அடித்தால் போதும், ஒரு பக்கமே போய்விடும். அதே அளவுப் புள்ளி மூளையின் முன்பகுதியில் விழுந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். கட்டுப்படாத பிபியும் சர்க்கரையும் முதலில் கெடுப்பது இந்தக் கிளைகளைத்தான். அடைத்தால் இப்படி, வெடித்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு.

இன்னொரு வகை அடைப்பே இல்லாமல் வருவது. டெல்டாக்காரர் இழை ஆரம்பித்திருப்பதால் சுலபமாகச் சொல்லலாம், கடைமடைதான். ஏசிஏ பாயும் பகுதியும் எம்சிஏ பாயும் பகுதியும் சந்திக்கும் எல்லை, எம்சிஏயும் பிசிஏயும் சந்திக்கும் எல்லை, இவை இரண்டுக்கும் கடைசியாகத்தான் ரத்தம் போய்ச் சேரும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரருக்குத் தெரியாது, கடைமடைதான் முதலில் காயும். மாரடைப்பில் பிபி விழும்போது, பெரிய ஆபரேஷனில் ரத்த இழப்பு ஏற்படும்போது, இதுதான் நடக்கிறது. இரண்டு தோள்களும் மேற்கைகளும் தூக்க வராது, கால் நன்றாக நடக்கும், முகம் நன்றாக இருக்கும், பார்ப்பவர்களுக்கு இது பக்கவாதம் என்றே தோன்றாது. சராசரி ரத்த அழுத்தம் 60க்கும் 150க்கும் இடையில் எங்கே இருந்தாலும் மூளை தன் தமனிகளைச் சுருக்கியோ விரித்தோ ஓட்டத்தைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் பல வருஷம் பிபி ஏறியே இருப்பவர்களுக்கு அந்தக் கீழ் எல்லையும் மேலே ஏறியிருக்கும். ஒரு காலத்தில் நாக்குக்கு அடியில் மருந்து வைத்து 220 இருக்கும் பிபியின் மேல் அளவைச் சடாரென்று 120க்கு இறக்குவார்கள். அது வைத்தியமே இல்லை, கடைமடையைக் காயப்போடுவது.

முதல்வருஷ_மாணவி எழுதியது:

சார், நான் எம்பிபிஎஸ் முதல் வருஷம். இன்டர்னல் தேர்வில் இதே கேள்விதான் வந்தது, படம் வரைந்து பாகம் குறித்து மார்க்கும் வாங்கிவிட்டேன், ஆனால் நோயாளியைப் பார்த்து எந்தத் தமனி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. கால் மட்டும் என்றால் ஏசிஏ, முகமும் கையும் என்றால் எம்சிஏ என்று மட்டும் தெரியும்.

டூட்டிரூம்_டீ எழுதியது:

அதுவே பெரிய விஷயம்மா. அதோடு சிலதைச் சேர்த்துக்கொள். எம்சிஏ இடது பக்கம் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போகும். வலது பக்கம் என்றால் நோயாளி தன் இடது கையையே தன்னுடையது இல்லை என்பார், தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பிசிஏ என்றால் கை கால் எல்லாம் நன்றாக இருக்கும், வாசற்படியில் ஒரு பக்கம் மட்டும் இடித்துக்கொண்டே இருப்பார், கண்ணாடியை மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நம்மிடம் வருவார்கள்.

எனக்குப் பிடித்தது மூளைத்தண்டு. ஒருவர் வந்தார், தலைசுற்றல், விழுங்க முடியவில்லை, குரல் கம்மியிருக்கிறது, விக்கல் நிற்கவே இல்லை. கேஸ்ட்ரிக் என்று மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: குளிக்கும்போது இடது பக்கம் ஊற்றினால் வெந்நீர் சூடு தெரியவே இல்லை, முகத்தில் மட்டும் வலது பக்கம் தெரியவில்லை. இந்த ஒரு வாக்கியம் போதும். முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் எதிர்ப்பக்கமும் சூடும் வலியும் தெரியாமல் போனால், முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து முகுளத்தின், அதாவது மூளைத்தண்டின் அடிப்பகுதியின், பக்கவாட்டுப் பகுதியில்தான் கோளாறு. வெர்ட்டிப்ரல் அல்லது அதன் கிளையான பைக்கா அடைத்திருக்கிறது. வாலன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இல் நோயாளியைப் பரிசோதித்தே அடைப்பு எங்கே என்று சொல்லிவிட்டார், ஸ்கேன் எல்லாம் கற்பனையில்கூட இல்லாத காலம்.

சும்மா_ஒரு_டவுட்டு எழுதியது:

வெர்ட்டிப்ரல் கழுத்தெலும்பு ஓட்டை வழியாக வருகிறது என்றீர்களே, முடி வெட்டி முடித்ததும் சலூனில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் சடக் சடக் என்று நெட்டி எடுக்கிறார்களே, அதில் இந்தத் தமனி என்ன ஆகும்? எனக்கு அது இல்லாவிட்டால் முடி வெட்டிய மாதிரியே இருக்காது.

ராத்திரி_ரேடியாலஜி எழுதியது:

விட்டுவிடுங்கள் சார். முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில் அந்தத் தமனி ஒரு வளைவு வளைந்து போகிறது, தலையைத் திருப்பும்போது நீள வேண்டுமே, அதற்காக. சடாரென்று முறுக்கினால் அந்த வளைவில் தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து தமனி அடைக்கும், அல்லது அங்கே ரத்தக்கட்டி உருவாகி மேலே போகும். ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆனாலும் இள வயதுப் பக்கவாதத்துக்கு இந்தத் தமனிக் கிழிசல் முக்கியமான காரணம். நெட்டி எடுத்த பிறகு பின்கழுத்தில் புதிதாக வலி, தலைசுற்றல், தள்ளாட்டம் என்றால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். தலையை மசாஜ் செய்துகொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள், கழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

கொள்ளிடக்கரையான் எழுதியது:

எல்லாம் படித்தேன். டூட்டிரூம் சார், என் சைனஸுக்கு வாருங்களேன்.

டூட்டிரூம்_டீ எழுதியது:

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், ஏனென்றால் சிரை என்று வந்தால் எனக்கு ஆதங்கம் உண்டு. தமனிக்கு மூன்று வகுப்பு எடுப்பார்கள், சிரைக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு படம். டாக்டர்களே அதை அப்படித்தான் படிக்கிறார்கள், அதனால்தான் நோயாளி வரும்போது தாமதமாகப் பிடிபடுகிறது. உங்கள் டாக்டர் பிரசவம் என்று கேட்டதுமே எம்ஆர்வி எழுதினார் பாருங்கள், அவர் சரியாகப் படித்தவர்.

மூளையின் சிரைகள் மற்ற இடத்துச் சிரைகள் போல இல்லை. சுவர் மெல்லியது, தசை இல்லை, வால்வும் இல்லை. காலில் சிரை தமனியோடு ஒட்டிக்கொண்டே போகும், இங்கே தமனி ஒரு வழி, சிரை வேறு வழி. மேற்பரப்புச் சிரைகள் மூளையை மூடியிருக்கும் கெட்டியான உறையான டியூராவுக்குள் இருக்கும் அகலமான கால்வாய்களில் போய்க் கொட்டுகின்றன. அந்தக் கால்வாய்தான் சைனஸ், மூக்கடைப்பு சைனஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உச்சந்தலைக்கு நேர் கீழே நெற்றியிலிருந்து பின்மண்டைவரை ஓடுவது சுப்பீரியர் சாஜிட்டல் சைனஸ். மூளைத் தண்டுவட நீரும் பெரும்பாலும் இதில்தான் வடிகிறது, இது அடைத்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆழத்திலிருக்கும் சிரைகள் தனிக் கூட்டம். மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் பக்கத்திலிருந்து வரும் ரத்தம் இரண்டு இன்டர்னல் செரிப்ரல் சிரைகளில் சேர்ந்து, இரண்டு பக்கத்து ரோசந்தால் சிரைகளும் வந்து கலந்து, கேலன் பெருஞ்சிரையாகி, ஸ்ட்ரெய்ட் சைனஸ் வழியாகப் பின்மண்டைக்கு வரும். அங்கே எல்லாம் சந்திக்கும் இடத்துக்கு ஹெரோஃபிலஸ் பெயர், கிறிஸ்துவுக்கு 300 வருஷம் முன்னால் அலெக்ஸாண்ட்ரியாவில் மனித உடலை அறுத்துப் பார்த்தவர் அவர்.

அந்தச் சந்திப்பிலிருந்து வலதும் இடதுமாக இரண்டு டிரான்ஸ்வர்ஸ் சைனஸ்கள், காதுக்குப் பின்னால் வளைந்து சிக்மாய்டு, அப்புறம் மண்டை ஓட்டுத் துவாரம் வழியாகக் கழுத்தில் ஜுகுலர் சிரை. பெரும்பாலானவர்களுக்கு உச்சந்தலை சைனஸ் வலது பக்கம் சாய்ந்து வடியும், அதனால் வலது டிரான்ஸ்வர்ஸ் பெரிது, இடது சிறிது. ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் இடது பக்கம் மெலிந்தே இருக்கும். உங்கள் மனைவி அந்தக் கூட்டத்தில் ஒருவர். இப்போது நியாயமான சந்தேகம் என்னவென்றால், பிறவியிலேயே சிறிதா, ரத்தக்கட்டி அடைத்து அப்படித் தெரிகிறதா? அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ரேடியாலஜிக்காரர் சொல்லட்டும்.

ராத்திரி_ரேடியாலஜி எழுதியது:

எலும்பைப் பார்ப்போம். பிறவியிலேயே சைனஸ் சிறியதென்றால், அது பதிந்திருக்கும் மண்டையோட்டுப் பள்ளமும் அந்தப் பக்கத்து ஜுகுலர் துவாரமும் சேர்ந்தே சிறியதாக இருக்கும். கட்டி அடைத்திருந்தால் எலும்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும், உள்ளே ஓட்டம் மட்டும் இருக்காது. சாதாரண எம்ஆர்ஐ படங்களில் கட்டி வேறு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். சாயம் செலுத்திய சிடியில் உச்சந்தலை சைனஸ் அடைத்திருந்தால் பின்பக்கம் ஒரு முக்கோணம் தெரியும், ஓரம் வெளுத்து நடு மட்டும் கறுத்து. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. சாயம் இல்லாத எம்ஆர்வியில் மெதுவான ஓட்டம் அறுந்தது போல விழும், அதை மட்டும் வைத்துக் கட்டி என்று முடிவு செய்யக்கூடாது.

செவிலி_அக்கா எழுதியது:

பிரசவ வார்டில் ரொம்பக் காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். தம்பி, ரிப்போர்ட்டை விடுங்கள், வீட்டில் பொண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்களா இல்லையா? பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் நிறையக் கொடுத்தால் வயிறு போடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் ஊற்றுவார்கள் பல வீடுகளில். மே மாத வெயிலில், ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, பால் வேறு கொடுத்துக்கொண்டு. அப்படிப்பட்ட பெண்ணுக்கு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

கொள்ளிடக்கரையான் எழுதியது:

அக்கா, நீங்கள் நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். மாமியார் பத்தியத்தில் கறார். தண்ணீர் கணக்குத்தான். அதற்கும் இதற்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா?

டூட்டிரூம்_டீ எழுதியது:

இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசியிலும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமும் ரத்தம் இயற்கையாகவே உறையும் பக்கம் சாய்ந்திருக்கும், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போகாமல் இருக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு. அதன்மேல் நீர் வற்றினால், ரத்தசோகையும் சேர்ந்தால், சைனஸில் கட்டி உருவாகும் வாய்ப்பு கூடும். நம் நாட்டில் பிரசவத்துக்குப் பிந்தைய சிரை அடைப்பு நிறையப் பார்க்கப்பட்ட ஒன்று, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து இதைப் பற்றிப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. மற்ற காரணங்கள்: கருத்தடை மாத்திரை, பிறவியிலேயே உறையும் தன்மை, ஆண்களில் குடி. அப்புறம் கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடும் மாத்திரை. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது புதுத் தலைவலி வந்தால் அந்த மாத்திரை பற்றி டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

தமனி அடைத்தால் ரத்தம் வராது. சிரை அடைத்தால் வந்த ரத்தம் போக முடியாமல் பின்னுக்குத் தேங்கி, மூளை வீங்கி, நுண்குழாய்கள் கசிந்து, அங்கங்கே ரத்தக்கசிவும் வரும். எந்தத் தமனியின் எல்லைக்கும் பொருந்தாத கசிவு என்றால் முதலில் சிரையைத்தான் நினைக்க வேண்டும். இதில் வேடிக்கை, கசிவு இருந்தாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின்தான் மருந்து. 1991இல் ஜெர்மனியில் நடந்த சிறிய ஆய்வுதான் அதற்குத் தைரியம் கொடுத்தது. உறவினரிடம் "மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, அதற்கு ரத்தத்தை இளக்கும் ஊசி போடுகிறோம்" என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பொறுமையாகப் படம் வரைந்துதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சரியான நேரத்தில் வந்தால் இவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாக எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள், தமனி அடைப்பில் அந்த அதிர்ஷ்டம் குறைவு.

வடமராட்சியான் எழுதியது:

அண்ணை, எங்கள் ஊரிலும் பிள்ளைப் பெத்தவளுக்கு இதே தண்ணிக் கட்டுப்பாடு இருந்தது, அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேறு கேள்வி. அப்பா போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், காயம் ஒன்றும் இல்லை. இப்ப கொஞ்ச நாளாக நித்திரை கூடிப்போச்சு, நடையும் தள்ளாடுது. வயது போனதுதான் காரணம் என்று அண்ணா சொல்கிறார், பாரிசவாதமோ என்று அம்மா பயப்படுகிறா. பொறுத்துப் பார்க்கலாமா?

டூட்டிரூம்_டீ எழுதியது:

பொறுக்க வேண்டாம், இன்றைக்கே சிடி எடுங்கள். மூளையிலிருந்து உச்சந்தலை சைனஸுக்குப் போகும் சிரைகள் நடுவில் கொஞ்சதூரம் பிடிமானமில்லாமல் கடக்கின்றன. வயதானால் மூளை சுருங்கும், அந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கும், சின்ன அடியிலேயே ஒன்று அறுந்துவிடும். சிரை ரத்தம் அழுத்தம் இல்லாமல் மெதுவாகக் கசிந்து மூளைக்கு வெளியே தேங்கும், அதனால்தான் வாரக்கணக்கில் கழித்துத் தெரிகிறது. இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இன்னும் அவசரம். பெரும்பாலும் மண்டையில் சின்ன ஓட்டை போட்டு வடித்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவார்.

ஏன்_எதற்கு எழுதியது:

மூக்குப் பக்கத்தில் பரு வந்தால் கிள்ளக்கூடாது, மூளைக்குப் போய்விடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதுவும் இந்தச் சிரைதானா? அல்லது வழக்கமான புரளியா?

ராத்திரி_ரேடியாலஜி எழுதியது:

பாதி உண்மை. முகச்சிரை கண்ணின் சிரைகளோடு இணைந்து, அவை கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேவர்னஸ் சைனஸில் சேர்கின்றன, ஓட்டம் இரண்டு பக்கமும் திரும்பக்கூடியது. அந்த சைனஸ் ஒரு நெருக்கடியான இடம், நடுவில் கரோட்டிட் தமனி போகிறது, கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே கிருமி போனால் கண் வீங்கிப் பிதுங்கும், அசையாது. ஆன்டிபயாட்டிக் வந்த பிறகு பருவால் அப்படி ஆவது ரொம்ப அபூர்வம். ஆனால் 2021இல் கொரோனாவுக்குப் பிறகு சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததே, மூக்குச் சைனஸில் ஆரம்பித்துக் கண் வழியாக இங்கேதான் அது போனது. அந்த மாதங்களில் நாங்கள் பார்த்த ஸ்கேன்களில் இந்த ஒரு சின்ன இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொள்ளிடக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், செவிலி அக்கா எழுதியதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். இப்போது சொம்பு கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசியாக இரண்டு கேள்வி. தலைவலி திரும்ப வந்தால் எப்போது மைக்ரேன் என்று மாத்திரை போடலாம், எப்போது ஓட வேண்டும்? அப்புறம், அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடக் கருத்தடை மாத்திரை கேட்கலாம் என்றிருந்தோம், இந்த ரிப்போர்ட்டை வைத்து அது கூடாதா?

டூட்டிரூம்_டீ எழுதியது:

இதற்கு முன் வந்த அதே மாதிரி வலி, மாத்திரைக்கு அடங்குகிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது, படுத்தாலோ இருமினாலோ அதிகமாகிறது, பார்வை மங்குகிறது அல்லது இரண்டு இரண்டாகத் தெரிகிறது, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், இதில் எது வந்தாலும் இரவு என்று பார்க்காமல் போய்விடுங்கள். பழைய எம்ஆர்வி நன்றாக இருந்தது என்பது அன்றைய தேதிக்கு மட்டும்தான், ஆறு வாரம் முடியும்வரை அதைக் காட்டி யாரும் திருப்பி அனுப்ப விடாதீர்கள். நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி என்றால் அது வேறு, வில்லிஸ் வட்டத்தில் தமனி புடைத்து வெடித்திருக்கலாம். உங்கள் எம்ஆர்ஏவில் புடைப்பு எதுவும் எழுதவில்லை, அதனால் அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள், ஆனால் அப்படி யாருக்கு வந்தாலும் 108தான்.

மாத்திரை பற்றி: ரிப்போர்ட்டில் உள்ள மூன்று வரிகளும் அதைத் தடுக்காது. பால் கொடுப்பதும், பிரசவமாகி ஒரு மாதமே ஆனதும்தான் தடுக்கும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இப்போது வேண்டாம். மைக்ரேன் வருவதற்கு முன் கண்ணுக்கு முன்னால் வெளிச்சக் கோடுகள், பளபளப்பு மாதிரி தெரிகிறதா என்று அவரிடம் கேளுங்கள். தெரிகிறது என்றால் அந்த வகை மாத்திரை எப்போதுமே வேண்டாம், பக்கவாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டும். காப்பர் டி போட்டுக்கொண்டால் இந்தக் கவலை எதுவும் கிடையாது. அடுத்த முறை பெண்கள் நல டாக்டரிடம் போகும்போது எம்ஆர்வி ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.